நுண்துகளும் நுரைக்குமிழியும்

தாதுக்கல்லில் உலோகம் தரும் கனிமம் பெரும்பாலும் சிறு பகுதியே. கல்லை மாவாக அரைத்து, நீரிற் கலந்து, தக்க இரசாயனப் பொருள்களைச் சேர்த்துக் காற்றைச் செலுத்தினால், நீர் ஒட்டாத கனிமத் துகள்கள் குமிழிகளைப் பற்றி நுரையாக மேலெழும். பயனற்ற கல்துகள்கள் நீரிலேயே தங்கும். இதுவே நுரைமிதப்பு முறையாகும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. ஏறக்குறைய 20 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் எடை மிகக் குறைந்தவை. ஆதலின், குமிழியைச் சுற்றி விலகும் நீருடன் அவையும் விலகிவிடுகின்றன. அவற்றிலுள்ள உலோகம் கழிவுடன் போய்ச் சேர்கிறது. தாதுவில் கனிமம் நுண்ணியதாகப் பரவியிருப்பின், அதனைப் பிரிக்க நுண்ணிதாக அரைத்தே ஆகவேண்டும், இழப்பும் மிகும்.

இக்குறையைப் போக்கும் வழிகளை ஆராய, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2019-இல் ‘ஃபைன்ஃபியூச்சர்’ என்னும் கூட்டுத் திட்டம் தொடங்கியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் அதனை ஒருங்கிணைத்தது. பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் அதிற் பங்குகொண்டன.

இத்தகைய ஆராய்ச்சிக்குக் கணித மாதிரி இன்றியமையாதது. துகள் குமிழியுடன் மோதவேண்டும், ஒட்டவேண்டும், பிடிவிடாது நிலைக்கவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: குமிழியின் வழியில் எதிர்ப்படும் 100 துகள்களில் 10 மோதி, அவற்றுள் 5 ஒட்டி, 4 நிலைத்தன என்க. மோதல் இருமடங்கானால், பிற விகிதங்கள் மாறாதவரை, 8 கிட்டும். குமிழியைச் சிறிதாக்குவது மோதலைப் பெருக்கும் ஒரு வழி. பருந்துகள்களுக்கோ பிடிவிடுதலே பெருந்தடை. அதற்குப் பரிகாரம் வேறு. எவ்விடத்தில் இழப்பு நேர்கிறதென முன்னரே காட்டுவதே மாதிரியின் பயன். அதன் கணிப்பு மெய்யா என்பதை ஆலையின் தொட்டியே தீர்மானிக்கும்.