நிலவொளியில் நிலக்கரி: டர்னரின் துறைமுக ஓவியம்

நிலவு என்றதும் காதலையும் தனிமையையும் நினைத்துப் பழகியவர்கள் நாம். ஆங்கில ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1835ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த எண்ணெய் வண்ண ஓவியமொன்று அப்பழக்கத்தைச் சற்றே அசைக்கின்றது. 'நிலவொளியில் நிலக்கரி ஏற்றும் கீல் படகினர்' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். 'கீல்' என்பது ஈண்டுத் தாரைக் குறிப்பதன்று. அகன்று தட்டையான அடிப்பகுதியுடைய ஒருவகைச் சரக்குப் படகின் பெயர்.

முதற்பார்வையில் நாம் காண்பது ஒளி ஒன்றையே. வெண்ணிற வண்ணக்குழம்பைத் தடித்து அப்பி, நீரில் விழுந்த நிலவொளியை வானத்து ஒளிக்கு இணையாக்கிவிட்டார் டர்னர். இருமருங்கும் பாய்மரக் கப்பல்கள் நிற்கின்றன. புனைவியல் ஓவியர்கள் போற்றிய இயற்கையின் பேரமைதி இதுவே என எண்ணும்போது, வலப்புறம் செந்தீ தெரிகின்றது. தீவட்டி வெளிச்சத்தில் கரிய உருவங்கள் சில குனிந்து நிமிர்கின்றன. முகம் எவருக்கும் இல்லை.

அவர்களே கீல் படகினர். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓடும் டைன் ஆற்றின் மேற்பகுதியில் ஆழம் குறைவு. பெருங்கப்பல்கள் அங்குச் செல்ல இயலா. எனவே சுரங்கக் கரியைக் கீல்களில் ஏற்றி ஆற்றுமுகம்வரை கொண்டுவந்து, மண்வாரியால் அள்ளிக் கப்பல்களில் கொட்டினர். நீரேற்றம் வந்ததும் கப்பல்கள் இலண்டனுக்குப் பாய்விரித்தன. இலண்டன் மாநகரின் அடுப்புகள் இவர்கள் கைவலிமையால் எரிந்தன என்றால் அது மிகையாகாது.

அவ்வேலையும் நிலைக்கவில்லை. கரியைச் சரிவுக் குழாய் வழியே கரையிலிருந்து நேரே கப்பலில் இறக்கும் முறை பரவியபோது, கீல் படகினர் 1822இல் பத்து வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயினும் அம்முறை ஒழியவில்லை. டர்னர் தூரிகையெடுத்த காலத்தில் அத்தொழில் தேயத் தொடங்கியிருந்தது என்பது நோக்கத்தக்கது. படத்தைப் பார்ப்போர் பலர் இதனை அறியாமலே நிலவை வியந்து நகர்ந்துவிடுகின்றனர். நாமும் முதலில் அவ்வாறே செய்தோம்.

இவ்வோவியத்தை விரும்பிப் பெற்றவர் மான்செஸ்டர் நூலாலை முதலாளி ஹென்றி மக்கானல். அதற்கு முந்தைய ஆண்டு காட்சிக்கு வந்த டர்னரின் வெனிசு நகர ஓவியத்திற்கு இணையாக இது அமைந்தது. அங்கே, பழம்பெரும் வாணிக நகரின் துறைமுகம் பகல் வெயிலில் ஒளிர்கின்றது. இங்கே, நள்ளிரவிலும் வேலை ஓயவில்லை. இரண்டும் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளன.