பின்னால் வருந்த நேருமோ என்னும் அச்சமும் பூச்சிமருந்தும்

நட்டு மூன்று வாரமான நெற்பயிரில் இலைகள் சுருண்டு வெளுக்கக் காணும் நிலச்சுவான்தாருக்கு எழும் வினா ஒன்றே: மருந்து தெளிப்பதா, விடுவதா? விளைவு இன்னதென்று அன்று எவராலும் துணிந்து கூறவியலாது. தெளித்தும் மகசூல் குன்றினால், இயன்றதைச் செய்தோமென்று மனம் அமையும். தெளியாது விட்டு நஷ்டம் நேரிட்டாலோ, அண்டை வயற்காரர் தெளித்தாரே, நாம் வாளாவிருந்தோமே என்று தம்மையே நொந்துகொள்ள நேரும். அவ்வருத்தத்தை முன்கூட்டியே எண்ணி அஞ்சுவதனால், பூச்சியின் சேதத்தை எண்ணிப் பாராமலே அநேகர் மருந்தை நாடுகின்றனர். இவ்வச்சம் மனிதர் முடிவுகளைத் திருப்பும் விதத்தைப் பொருளியலறிஞர்களான டேவிட் பெல், கிரஹாம் லூம்ஸ், ராபர்ட் சக்டன் ஆகியோர் 1982-ம் வருஷத்தில் விளக்கினர்.

அச்சத்திற்குத் துணை நிற்பது நம்பிக்கை. ஒவ்வொரு போகத்திலும் வயல் முழுவதும் தெளித்து வருபவருக்கு, தெளியாத பயிர் எவ்வாறு விளைந்திருக்குமென்று அறிய வழியில்லை. நல்ல மகசூல் கண்டபோதெல்லாம் மருந்தே காத்ததென்று கொள்கிறார். ஆகவே அவரது நம்பிக்கை ஆண்டுதோறும் வளருகிறதேயன்றி, ஒருமுறையேனும் பரீக்ஷிக்கப்படுவதில்லை.

உண்மையில், தூர் கட்டும் பருவத்தில் இலைச் சுருட்டுப் புழுவினால் நேரும் சிறு சேதத்தை இளம்பயிர் புதிய இலைகளும் தூர்களும் விட்டு ஈடுசெய்துகொள்ளும். மருந்தோ, சிலந்தி முதலிய நன்மை செய்யும் ஜீவன்களையும் மாய்த்துப் புகையான் பெருக இடங்கொடுக்கும். இந்தோனேஷியாவில் இத்தீங்கு முற்றியதனாலேயே, 1986-ம் வருஷத்தில் 57 மருந்துகளை நெற்பயிருக்கு உபயோகிக்கலாகாதென்று அந்நாட்டு அரசாங்கம் தடைசெய்தது.

வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் கையாளப்பட்ட முறை வேறு. ஹியோங், எஸ்கலாடா என்னும் ஆராய்ச்சியாளர்களின் யோசனைப்படி, 1994-ம் வருஷத்தில் லாங் ஆன் மாகாணத்தில் ரேடியோ நாடகங்களும் சுவரொட்டிகளும் குடியானவர்களைப் பரீக்ஷைக்கு அழைத்தன. விதைத்த முதல் 40 நாட்கள் இப்புழுவுக்கு மருந்து தெளிப்பது அவசியந்தானா என்று அவர்களே சோதித்தறிய வேண்டுமென்பதே அவ்வழைப்பு. எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. நாளடைவில் போகமொன்றுக்குத் தெளிக்கும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

இம்முறை நம்மவர்க்கும் ஏற்றதே. வயலின் ஒரு மூலையில் ஐந்து சென்ட் நிலத்தை மட்டும் தெளியாது விட்டால், நஷ்டம் நேரினும் அது சிறிதே. ஆதலின் வருத்தத்துக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அறுவடையில் அப்பகுதி நெல்லையும், தெளித்த பகுதியில் அதே அளவு நிலத்து நெல்லையும் தனித்தனியே நிறுத்து, மருந்துச் செலவையும் கூலியையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். எஞ்சிய வயலிலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த அளவாகிய, தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைகளும், பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு ஐந்து கண்ணாடி இலைகளும் சேதமுற்றனவாவென்று எண்ணிப் பார்த்த பின்னரே மருந்தை எடுப்பது சிலாக்கியம்.

கிராம அதிகாரிகள் நான்கைந்து வயல்களில் இதனை ஒருங்கே நடத்துவித்து, களத்து மேட்டில் எல்லோரும் அறிய எடையைக் கூறச் செய்வார்களாயின், அண்டை வீட்டார் சொல்லுக்கு அஞ்சும் அச்சமும் நீங்கும்.