ஓவன் அணைந்த பிறகுதான் ஆட்டமே!

வாங்க, வாங்க, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாங்க! சென்னை மேற்கு மாம்பலத்தில் மூன்றாம் மாடியில் ஒரு சமையலறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனி, ஞாயிறு பிறந்தநாள்களுக்கு இங்கிருந்துதான் கேக் போகப் போகிறது, எல்லாமே வீகன். முட்டை, பால், வெண்ணெய் மூன்றுக்கும் இங்கே இடமில்லை. வினிகரும் பேக்கிங் சோடாவும் சேர்ந்து கிளப்பும் வாயுதான் மாவைத் தூக்கி நிறுத்துகிறது. இப்போதுதான் ஓவனிலிருந்து இறங்கிய சாக்லேட் கேக்கின் வாசனை, மாடிப்படி வரை வந்து கையைப் பிடித்து இழுத்து வந்தது.

கேக் செய்யும் அழகைக் காட்ட ஆயிரம் வீடியோ இருக்கிறது. வெந்த கேக்கை மறுநாளும் அதற்கு மறுநாளும் மெத்தென்று வைத்திருக்கும் வித்தையைத்தான் யாரும் காட்டுவதில்லை. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

“மூடாதீங்க, இன்னும் சூடு இருக்கு!” இங்கே கேக் செய்யும் அக்கா என் கையிலிருந்த டப்பா மூடியை வாங்கி வைத்துவிட்டார். கேக் கம்பித் தட்டில், அடியிலும் காற்றுப் படும்படி உட்கார்ந்திருக்கிறது. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகிக் கேக்கின் தலையிலேயே சொட்டும். மேல்தோல் பிசுபிசுக்கும், பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். ஓவன் சூட்டில் பூஞ்சண வித்துகள் செத்துப்போகின்றன என்பது எத்தனை நல்ல செய்தி! அதற்குப் பிறகு ஒட்டுவதெல்லாம் காற்றிலிருந்தும் கத்தியிலிருந்தும் நம் கையிலிருந்தும் வருவதுதான். அதனால்தான் இங்கே டப்பாவை வெந்நீரில் கழுவி, ஒரு துளி ஈரம் இல்லாமல் துடைத்து வைக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் கேக்கின் அடிப்பாகமும் குளிர்ந்திருக்க வேண்டும். அதுவரை மூடிக்கு வேலையில்லை.

“ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுவீங்களா அக்கா?”

“ஐயோ, ஐசிங் இல்லாத கேக்கையா? நேத்து வடிச்ச சாதத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க!”

விறைத்துப்போய், பருக்கை பருக்கையாக! சாதத்துக்கு நடக்கும் அதே சங்கதிதான் கேக்குக்கும் நடக்கிறது என்று தெரிந்தபோது நான் கைதட்டியே விட்டேன். மாவிலுள்ள ஸ்டார்ச், வேகும்போது தண்ணீரைக் குடித்து உப்பிக் குழைகிறது. ஆறிய பிறகு அதன் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி வந்து, வரிசை கட்டி, படிகமாக இறுகுகின்றன. இந்த இறுக்கம் சாதாரண அறைச் சூட்டைவிட, உறைநிலைக்குச் சற்று மேலே, 4 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் மும்முரமாக நடக்கும். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுவதும் அதே குளிரில்தான்! ‘கேக் காய்ஞ்சு போச்சு’ என்று நாம் சொல்லும் பல நேரங்களில் அது காய்ந்திருப்பதே இல்லை. 1852-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் புசாங்கோ, ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் இறுகிப் பழசாகிறது என்று காட்டிவிட்டார்.

முட்டையின் மஞ்சள் கருவில் லெசித்தின் இருக்கிறது. அது இந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்தும். வீகன் கேக்கில் முட்டை இல்லையே, என்ன செய்வது? சோயாவிலும் லெசித்தின் உண்டு. அக்கா மாவைச் சோயா பாலில் கரைப்பதில் அந்த லாபமும் சேர்ந்துகொள்கிறது. அதைவிடப் பெரிய சூட்சுமம் எண்ணெயில். சூரியகாந்தி எண்ணெய் ஃப்ரிட்ஜ் குளிரிலும் உறையாது. ஆகவே அதில் செய்த கேக், குளிரில் வைத்தாலும் வாயில் கரடுமுரடாக நிற்காது. தேங்காய் எண்ணெய் அப்படியல்ல. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்காத வீடு உண்டா? பாட்டிலுக்குள் நடப்பதுதான் கேக்குக்குள்ளும் நடக்கிறது. தேங்காய் எண்ணெய் கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வெட்டிச் சாப்பிடுபவர்கள், அதன் நிஜ ருசியைப் பார்க்கவே இல்லை என்பேன்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஃப்ரீசர் கதவு திறக்கிறது!

அடேயப்பா! வெள்ளை வெள்ளையாக, வட்ட வட்டமாக, பெயரும் தேதியும் எழுதி ஒட்டிய கேக் அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் கிளிங் ராப், அதன் மேல் அலுமினியம் ஃபாயில், அதற்கும் மேல் ஜிப் பை. ஃப்ரிட்ஜ் எதிரி என்றால் ஃப்ரீசர் எப்படி நண்பனானது? மைனஸ் 18 டிகிரியில் ஸ்டார்ச்சும் தண்ணீரும் அசையவே வழியில்லை. அந்த இறுக்கம் அநேகமாக நின்றுவிடுகிறது. ஆனால் பழசான பிறகு உள்ளே தள்ளினால் பழசுதான் வெளியே வரும். செய்த அன்றே, ஆறியதுமே உள்ளே போக வேண்டும். இப்படி வைத்தால் இரண்டு, மூன்று மாதம் வரை சுவை நிற்கும்.

வெளியே எடுப்பதில்தான் உச்சகட்டம். சுற்றியதைப் பிரிக்காமல் அப்படியே மேசையில் வைக்கிறார். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் முத்து முத்தாகப் படிகிறது, உறையின் மேலே! முன்கூட்டியே பிரித்திருந்தால் அத்தனை நீரும் கேக்கின் மேல் படிந்திருக்கும். சென்னைக் காற்றில் இதைக் கண்ணெதிரே பார்க்க ஐந்து நிமிடம் போதும். குளிர் முழுக்க இறங்கிய பிறகு பிரித்தார். நேற்றுச் செய்த கேக்கா, போன மாதம் செய்ததா? என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு துண்டு மட்டும் வேண்டுமென்றால் மைக்ரோவேவில் பத்துப் பதினைந்து விநாடி. சூடு பட்டதும் இறுகிய ஸ்டார்ச் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

வெட்டுவதிலும் ஒரு ரகசியம் உண்டு. இங்கிலாந்து அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், 1906 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழுக்கு இதற்காகவே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்! முக்கோணமாக வெட்டினால் வெட்டிய முகம் காற்றில் இறுகும். நடுவில் ஒரு பட்டையாக வெட்டி எடுங்கள். மீதியுள்ள இரண்டு பாதிகளையும் ஒட்டி ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். உள்முகங்கள் ஒன்றை ஒன்று மூடிக்கொள்ளும். மறுநாள் அதற்குக் குறுக்காக வெட்டலாம். அக்கா செய்து காட்டினார், நான் குதித்தேன். இதை எல்லா வீட்டிலும் சொல்லித் தர வேண்டும்!

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பால் கிரீம் பூசிய கேக்குக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் பிசைந்து சேர்த்த கேக்கில் ஈரம் அதிகம். அதை இங்கே ஒரு நாளுக்கு மேல் வெளியே வைப்பதில்லை. ஃப்ரிட்ஜில் எதை வைத்தாலும் இறுக மூடியே வையுங்கள். பக்கத்தில் மல்லிகைச் சரமும் நறுக்கிய வெங்காயமும் இருந்தால் இரண்டின் மணமும் கேக்கில் ஏறிவிடும். மேசைமேல் வைக்கும் டப்பாவுக்கு, எறும்புக்காக அடியில் தண்ணீர்த் தட்டு.

கேக் வாங்கும்போது எத்தனை கிலோ, என்ன விலை என்று கேட்கிறோம். இனி இன்னும் இரண்டு கேளுங்கள்: என்ன எண்ணெய், மேலே என்ன கிரீம்? சூரியகாந்தி எண்ணெயும் வெறும் மேல்தோலும் என்றால், காற்றுப் புகாத டப்பாவில் மேசைமேல் இரண்டு நாள். மிஞ்சுவதைத் துண்டு போட்டு அன்றைக்கே ஃப்ரீசரில் வையுங்கள்.