சேற்றை மேடாக்கியவர்கள்

தாராவி! இந்தப் பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. மும்பை நகரின் நடுவில் இருக்கிறது. இன்று அங்கே பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் அது சின்ன மீனவக் கிராமம்.

மும்பையில் மித்தி என்று ஓர் ஆறு உண்டு. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இந்த ஆற்றில் ஓடுகிறது. மாஹிம் அருகே கடலில் சேர்கிறது. ஆறும் கடலும் கூடும் இடத்தில் உப்புநீர் ஏறும், இறங்கும். எங்கும் சேறு. சேற்றில் அலையாத்திச் செடிகள். அவற்றின் வேர்களுக்கு இடையே மீன் குஞ்சும் இறாலும் நண்டும் வளரும். அவற்றைப் பிடித்துப் பிழைத்தவர்கள் கோலி மீனவர்கள். அவர்களின் குடியிருப்புக்குக் கோலிவாடா என்று பெயர்.

நகரம் வளர்ந்தது. 1845இல் மாஹிமிலிருந்து பாந்திராவுக்குக் கழியின் குறுக்கே சாலை போட்டார்கள். நகரத்துக் குப்பையைச் சதுப்பில் கொட்டினார்கள். நீர் சுருங்கியது. மீன் குறைந்தது. கோலிகளின் தொழில் நலிந்தது.

பிறகு பிழைப்புத் தேடி வெளியூர் மக்கள் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். பலருக்குத் தோல் பதனிடும் வேலை. நாற்றம் என்று நகரம் ஒதுக்கிய வேலை அது. வந்தவர்கள் மண்ணும் கல்லும் கொட்டிச் சேற்றை மேடாக்கினார்கள். அதன்மேல் குடிசை போட்டார்கள்.

ஆற்றை நெருக்கினால் என்ன ஆகும்? 2005 ஜூலை 26 அன்று மும்பையின் ஒரு பகுதியில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதாவது, மூன்று அடிக்கும் மேல்! மித்தி கரை மீறியது. வெள்ளத்தில் பலர் உயிரிழந்தார்கள்.

ஆனால், கெட்டதைச் சரிசெய்யவும் முடியும். தாராவியை ஒட்டி, மித்திக் கரையில் பெரிய குப்பைமேடு ஒன்று இருந்தது. அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். 1994இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே பறவைகள் வருகின்றன.

இப்போது தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்துள்ளது. யாருக்கு வீடு கிடைக்கும்? 2000ஆம் ஆண்டு பிறக்கும் முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. அதற்குச் சான்று காட்ட வேண்டும். தாத்தா கொட்டிய மண் சாட்சி சொல்லாது. பழைய ரேஷன் கார்டும் மின் கட்டண ரசீதும்தான் பேசும்.

உங்கள் வீட்டுக் காகிதங்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். பத்திரமாக வையுங்கள்.