இரைச்சலிடும் மடிக்கணினி விசிறி: நாமே பழுது பார்க்கலாமா?

மடிக்கணினியின் செயலியைக் குளிர்விக்கும் சிறிய மின்விசிறி, சில ஆண்டுகள் உழைத்த பின் இரைச்சலிடத் தொடங்குவது பலரும் காணும் பழுதாகும். கடைக்குக் கொண்டு செல்வதா, திருப்புளியை எடுத்து நாமே திறந்து பார்ப்பதா என்ற கேள்வி அப்போது எழுகிறது. இரைச்சல் எப்படிப்பட்டது, விசிறி இயந்திரத்துக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் அறிந்துகொண்டால் பெரும்பாலும் முடிவு தானே கிடைத்துவிடும். பலர் இந்த வரிசையை மாற்றி, முதலில் திருகாணிகளைக் கழற்றிவிடுகிறார்கள்.

விசிறி செய்யும் வேலை

இது மேசை விசிறியைப் போல நேர் முன்னே காற்றை வீசுவதில்லை. அடிப்பக்கத் துளைகளின் வழியே காற்றை இழுத்துப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கொல்லர் பட்டறையில் கையால் சுற்றி உலைக்குக் காற்றூட்டும் விசிறியைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். செயலியின் மேல் அமர்ந்துள்ள உலோகத் தகட்டிலிருந்து தட்டையான செப்புக் குழாய் ஒன்று புறப்படும். குழாய்க்குள் சிறிதளவு திரவம் அடைக்கப்பட்டிருக்கும். அது சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குச் சென்று, அங்குள்ள மெல்லிய தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டு, மீண்டும் திரவமாகித் திரும்பும். அந்தத் தகடுகளின் இடுக்குகளில் காற்றை ஊதுவதே விசிறியின் வேலை.

விசிறி திணறினால் செயலி உடனே கருகிவிடாது. பல செயலிகள் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். சூடு மேலும் ஏறினால் கணினி அணைந்துவிடும். எனவே இரைச்சல் கேட்ட அன்றே பதறத் தேவையில்லை. ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும் சரியன்று. தொடர்ந்த சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

காது கொடுத்துக் கேட்டல்

அமைதியான அறையில், கணினியைக் கடினமான மேசைமேல் வைத்துக் கேட்க வேண்டும். மெத்தை மேலோ மடித்த போர்வை மேலோ வைத்தால் அடித்துளைகள் அடைபட்டு, பழுதில்லாத விசிறியும் இரையும்.

சீரான காற்றொலி மட்டும் பலமாகக் கேட்டால் விசிறி நன்றாகவே இருக்கிறது. அதற்கு வேலைதான் கூடிவிட்டது. பின்னணியில் ஏதேனும் மென்பொருள் செயலியை வாட்டுகிறதா என்று முதலில் பார்க்கலாம். அப்படி எதுவுமின்றி, வெளிவரும் காற்று மெலிந்தும் சூடாகவும் இருந்தால் தகடுகளில் தூசு அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். உள்ளே பஞ்சுபோல ஒரு படலமே படிந்திருக்கும்.

கணினியை இயக்கியதும் கரகரவென்று ஒலித்துச் சில நிமிடங்களில் அடங்கினால், சுழல் அச்சைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கக்கூடும். கணினியைச் சாய்த்துப் பிடிக்கும்போது ஒலி மாறுவது பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம். வேகம் கூடக்கூட டிக்டிக் என்ற ஒலியும் விரைந்தால், இறக்கையில் முடியோ கம்பியோ உரசுகிறது.

விசிறியின் வேகத்தோடு தொடர்பில்லாமல் வேறு மூலையிலிருந்து 'கிளிக்' என்று விட்டுவிட்டுக் கேட்டால், அது சுழலும் வன்தட்டாக இருக்கலாம். அந்நிலையில் விசிறியைத் தேடித் திறப்பது வீண்வேலை. முக்கியமான கோப்புகளை அன்றே வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். பணம் கொடுத்தாலும் திரும்ப வராத பொருள் அந்தக் கோப்புகள்தாம்.

சில கணினிகள் தாமே குறையைச் சொல்லிவிடும். திங்க்பேட் வகைகள் தொடக்கத்திலேயே 'ஃபேன் எர்ரர்' என்று காட்டி நின்றுவிடும். எச்பி கணினிகளில் 90பி என்ற குறியீட்டோடு எச்சரிக்கை வரும்.

விசிறி எங்கே இருக்கிறது?

ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களில்கூட இது வேறுபடும். லெனோவோ, டெல், எச்பி ஆகியவை தம் மாடல்களுக்கான பராமரிப்புக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. கழற்ற வேண்டிய பாகங்கள் எத்தனை என்று அதில் எண்ணிப் பார்ப்பதே நல்ல அளவுகோல். அடிமூடியை எடுத்ததும் விசிறி கண்ணுக்குத் தெரிகிறதென்றால் பொறுமையுள்ள எவரும் தூசு தட்டலாம். விசைப்பலகை, மேல்மூடி, தாய்ப்பலகை என்று எல்லாவற்றையும் எடுத்தால்தான் விசிறி வரும் என்றால், அதைக் கடைக்காரரிடம் விடுவதே நலம்.

இடைப்பட்ட வகையும் உண்டு. திங்க்பேட் டி480 மாடலில் அடிமூடி எளிதில் வரும். ஆனால் விசிறியும் வெப்பத்தகடும் ஒன்றாய் இணைந்தவை. விசிறியை மாற்ற வேண்டுமானால் செயலியின் மேலிருந்தே தகட்டைத் தூக்க வேண்டும். பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகத் தடவ வேண்டும். இது முடியாத வேலையன்று. ஆனால் தூசு தட்டுவதைவிட ஒருபடி மேலான வேலை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல்முறை திறந்தபோது, விசைப்பலகையின் நாடா கேபிளைப் பிடித்திருந்த சிறு பூட்டை நிமிர்த்தாமலே இழுத்துவிட்டேன். விரல்நகம் அகலம்கூட இல்லாத அந்தப் பூட்டு உடைந்தது. விசிறி அமைதியாகச் சுழன்றது. விசைப்பலகையில் ஓர் எழுத்தும் விழவில்லை. மறுநாள் பேத்தி கல்லூரியில் தரவேண்டிய ஆய்வறிக்கை அதில்தான் பாதியில் இருந்தது. பக்கத்து வீட்டில் யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றைக் கடன் வாங்கி, இரவு ஒருமணிக்கு அவள் முடித்தாள். பள்ளியில் மாணவர்களுக்கு 'செய்முறைக்கு முன் குறிப்பைப் படி' என்று முப்பது ஆண்டுகள் சொன்னவன் நான்!

திறப்பது என்று முடிவு செய்தால்

உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் திறக்க வேண்டாம். சேவை மையத்துக்கே அனுப்பலாம். அடிமூடி மேடாக எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதைக் குத்திவிட்டால் தீப்பற்றும் ஆபத்து உண்டு. அத்தகைய கணினியை மின்னேற்றவும் கூடாது, நாமே நோண்டவும் கூடாது.

மற்றபடி, கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியை எடுத்தவுடன் பேட்டரி இணைப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும். திருகாணிகளின் நீளம் வேறுவேறாக இருக்கும். ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே அவற்றை ஒட்டிவைப்பது என் வழக்கம். நீள ஆணியைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மறுபக்கம் பொத்துக்கொண்டு வரும். தூசை மென்தூரிகையாலோ காற்றுப் பீய்ச்சியாலோ நீக்கலாம். அப்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும்.

வற்றிய பேரிங்கில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடலாம் என்பது பழைய கைவைத்தியம். சில வாரமோ சில மாதமோ ஓடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. அது குளிரில் உறையும், நாளடைவில் பிசுக்காகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த பேரிங்குக்கு விசிறியையே மாற்றுவதுதான் தீர்வு. புதியதை வாங்குமுன் பழைய விசிறியின் மேல் அச்சிட்டுள்ள பாக எண்ணையும், கம்பிகள் மூன்றா நான்கா என்பதையும் ஒப்பிட வேண்டும். உருவம் ஒத்திருந்தும் இணைப்பு பொருந்தாமல் போவதுண்டு.

கடைக்குக் கொடுப்பதானாலும் கோப்புகளைப் படியெடுத்த பிறகே கொடுங்கள். கழற்றிய பழைய விசிறியைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்குங்கள். மாற்றியது விசிறியா, வெறுமனே எண்ணெய் விட்டார்களா என்பது அதைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.