குடலோடு நிற்கும் மருந்து

கர்ப்பிணிகள் பலருக்கு மலச்சிக்கல் வருகிறது. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டிலிருக்கும் விளக்கெண்ணெயையோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பேதி மாத்திரையையோ விழுங்கிவிடுபவர்களும் உண்டு. எந்த மருந்தானாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அது குடலோடு நின்றுவிடுமா, அதைத் தாண்டி உடலுக்குள் போகுமா?

கர்ப்பத்தில் பெருகும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன், கருப்பை சுருங்கிவிடாதபடி அதன் தசையைத் தளர்த்துகிறது. குடலின் தசையும் அதே வகை என்பதால் அதுவும் மந்தமாகிறது. மலம் பெருங்குடலில் தங்கத் தங்க, அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு இறுகிப்போகிறது. நான்காம் மாதம் முதல் 180 நாள் அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு இதைக் கூட்டும்.

கீரை, பழம், முழுதானியம், போதிய தண்ணீர், நடை ஆகியவைதான் முதல் வைத்தியம். அதற்கும் சரியாகாவிட்டால் கோதுமைத் தவிடு போன்ற நார்ச்சத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இசப்கோல் உமியும் இந்த வகைதான். ரத்தத்தில் கலக்காமல், நீரை இழுத்து உப்பி, மலத்தை இளக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகலாம். அடுத்தது லாக்டுலோஸ் சிரப். இதுவும் உடலில் சேர்வது மிகக் குறைவு. வாயுத் தொல்லை மட்டும் வரலாம். நிலாவரையிலிருந்து எடுக்கும் சென்னா மாத்திரை குடலைத் தூண்டிவிடுவது. வயிற்றைப் பிசையும் என்பதால், டாக்டர் சொன்னால் மட்டும், சில நாள் மட்டும்.

விளக்கெண்ணெய் கூடவே கூடாது. அதிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் உடலில் உறிஞ்சப்படுகிறது. குடல் தசையில் அது பற்றிக்கொள்ளும் ‘இபி3’ என்ற ஏற்பி கருப்பைத் தசையிலும் இருக்கிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் எலிகளில் இதைக் கண்டறிந்தார்கள். வயிற்றைக் கழுவும் அதே எண்ணெய் கருப்பையையும் சுருங்கவைக்கும். லிக்விட் பாரஃபின் கலந்த சிரப்புகளையும் தவிர்ப்பது நல்லது. பாரஃபின் குடலிலேயே தங்கினாலும், தொடர்ந்து குடித்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேராமல் தடுத்துவிடும். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். அது குறைந்தால் பிறக்கும் குழந்தைக்கு ரத்தக்கசிவு வரலாம்.

மலச்சிக்கலுக்குப் பயந்து இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு வகையோ அளவோ டாக்டர் மாற்றித் தருவார். மலத்தில் ரத்தம், கடும் வயிற்றுவலி, வாந்தி, விட்டுவிட்டு இறுகும் அடிவயிறு ஆகியவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.