பேப்பர் கப்பும் பிளாஸ்டிக்தான்! கடன் வாங்கி மெஷின் போட்டவர்கள் கதி என்ன?

திருவண்ணாமலை.-

கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். பவுர்ணமி இரவில் லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கிறார்கள். நடக்கிறவர்களுக்கு டீ வேண்டும், வாங்கிய சாமானைப் போட ஒரு பை வேண்டும்.

இந்தக் கப்பையும் பையையும் நம்பி இதுபோன்ற ஊர்களில் ஒரு சின்னத் தொழிலே உண்டு. வீட்டை ஒட்டி ஒரு ஷெட். உள்ளே ஒரு மெஷின். கப்பை எண்ணி அடுக்கிக் கவரில் போட நாலைந்து பெண்கள். அவ்வளவுதான் கம்பெனி!

அந்தத் தொழில் தலையில்தான் இடி விழுந்தது.

2018-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிளாஸ்டிக் தடையைச் சட்டசபையில் அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் கப் போனால் போகட்டும், பேப்பர் கப் இருக்கிறதே என்று நினைத்தவர்கள் உண்டு. பட்டியலைப் பார்த்தால் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் இருந்தது!

ஒட்டுவது எது?

வெறும் பேப்பரில் சுடச்சுட டீ ஊற்றினால் ஊறி ஒழுகிவிடும். அதனால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. கப்பை ஒட்டப் பசை கிடையாது. மெஷினில் சூடு பட்டதும் அந்தப் பூச்சே இளகி, பக்கத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டிவிடும். குப்பைக்குப் போனால் காகிதம் மக்கும். பூச்சு மக்காது.

தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டு 2019-ல் தடை செல்லும் என்றது. சுப்ரீம் கோர்ட்டும் 2023 அக்டோபரில் அதையே உறுதி செய்தது.

இதில் ஒரு வேடிக்கை. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் கொண்டுவந்த தடையில் பிளாஸ்டிக் கப் உண்டு, பேப்பர் கப் இல்லை. அந்தத் தடை போதும் என்றால் பிழைத்திருப்பார்கள், பாவம்!

இன்னொரு மனக்குறையும் உண்டு. 2019-ல் தடை வந்தபோது, பெரிய ஆலைகளில் பொருளை அடைத்தே வரும் பிளாஸ்டிக் உறைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 2020-ல்தான் அது ரத்தானது. ஷெட்டுக்காரருக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை.

மெஷின் என்ன செய்யும்? கப் மெஷின் கப் மட்டும்தான் செய்யும். துணிப்பை தைக்காது, பாக்குமட்டைத் தட்டு அழுத்தாது. கடன் தவணை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும்.

கடைக்காரர் பாடு

விற்கிறவர் தலைக்கும் கத்திதான். 2019-ல் வந்த அபராத விதிப்படி சின்னக் கடைக்கு முதல் தடவை 100 ரூபாய், அடுத்து 200, மூன்றாவது தடவை 500. மளிகைக் கடை என்றால் 1,000, 2,000, 5,000. பவுர்ணமி வியாபாரத்தில் ஒரு டீக்கடைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது டீ குடிப்பவருக்கே தெரியும்.

கண்ணாடி கிளாசுக்குத் திரும்பலாமே என்பது எளிது. அந்தக் கூட்டத்தில் கழுவத் தண்ணீரும் ஆளும் வேண்டாமா?

பை விஷயத்தில் கொஞ்சம் வழி இருக்கிறது. 2021 டிசம்பர் 23-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கினார். தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்களுக்கு அதில் வேலை உண்டு. தீபத் திருவிழாவுக்குத் துணிப்பையோடு வந்த பக்தர்களுக்குக் குலுக்கலில் தங்க நாணயம் கொடுத்த ஆண்டும் உண்டு!

துணி போலவே இருக்கும் நெய்யாத பைக்கும் தமிழ்நாட்டில் தடைதான். ஆனால் அதே 2023 தீர்ப்பில், அந்தப் பை விஷயத்தை மட்டும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கப்புக்கு அப்படி ஒரு உத்தரவு கிடைக்கவில்லை.